ஆட்டத்தில் தோல்வி, அரங்கில் ஒரு குரல்

பாரிஸ், 2024 ஆகஸ்ட் 9. கான்கார்ட் சதுக்கத்தில் ஒலிம்பிக் அரங்கு. பிரேக் டான்ஸ் என்று நமக்குப் பழக்கமான ஆட்டம், 'பிரேக்கிங்' என்ற பெயரில் முதல் முறையாக ஒலிம்பிக் மேடை ஏறியிருந்தது. நெதர்லாந்தின் இண்டியா சார்ஜூவை எதிர்த்து ஆடிக்கொண்டிருந்த 21 வயது மனிஷா தலாஷ், திடீரென்று மேல்சட்டையைக் கழற்றினார். உள்ளிருந்து வெளிர்நீலத் துணி ஒன்று சிறகாக விரிந்தது. அதில் ஆங்கிலத்தில் மூன்றே வார்த்தைகள். 'ஆப்கன் பெண்களை விடுவியுங்கள்' என்று பொருள்.

ஆட்டத்தில் அவர் தோற்றார். அதோடு, அரசியல் வாசகத்தைக் காட்டியதற்காகத் தகுதி நீக்கமும் செய்யப்பட்டார்.

தலாஷுக்கு நடனமும் அரசியலும் என்றுமே தனித்தனியாக இருந்ததில்லை. காபூலில் 17 வயதில், ஒருவர் தலையை ஊன்றிச் சுழலும் வீடியோவைப் பார்த்ததில் பிறந்தது ஆசை. ஐம்பதுக்கும் மேற்பட்ட பையன்கள் பயின்ற குழுவில் அவர் ஒருவரே பெண். மிரட்டல்கள் வந்தன. 2021 ஆகஸ்ட் 15 அன்று காபூல் தாலிபான் வசமானது. பாஸ்போர்ட் இல்லாமல் தம்பியுடன் பாகிஸ்தானுக்குத் தப்பினார்.

பின்னர் ஸ்பெயின் அடைக்கலம் கொடுத்தது. உவெஸ்கா என்ற சிறு நகரில் ஒரு முடிதிருத்தும் நிலையத்தில் வேலை. மொழி தெரியாத அந்த ஊரிலும் அவர் நடனத்தை விடவில்லை. ஒலிம்பிக் அகதிகள் அணியில் இடம் கிடைத்தது. சொந்தக் கொடி இல்லாதவர்களின் அணி அது. ஆனாலும், தனக்கென்று ஓர் அணி!

தலாஷ் என்ற சொல்லுக்குப் பாரசீகத்தில் முயற்சி என்று பொருள், இந்தியில் தேடல். இரண்டுமே அவருக்குப் பொருந்துகின்றன.

அவர் விட்டு வந்த நாட்டில் ஆறாம் வகுப்போடு பெண்களின் படிப்பு முடிந்துவிடுகிறது. 2022 முடிவதற்குள் பூங்கா, உடற்பயிற்சிக் கூடம், பல்கலைக்கழகம் என்று ஒவ்வொன்றாக அவர்களுக்குக் கதவடைக்கப்பட்டது. தாலிபானுக்குப் பயந்து நாட்டைவிட்டு வரவில்லை, அங்குள்ள பெண்களுக்காகத் தன்னால் ஆனதைச் செய்யவே வந்தேன் என்று ஒலிம்பிக்குக்கு முன்பே தலாஷ் சொல்லியிருந்தார்.

2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பிரேக்கிங் இல்லை. கிடைத்தது ஒரே மேடை, சில நிமிடங்கள். அதையும் அங்கிருந்து வர முடியாதவர்களுக்குக் கொடுத்துவிட்டார் தலாஷ்.