தெரிபட்டியலும் அடையாள இலக்கமும்

கைத்தொலைபேசிச் செயலி எழுதப் புகும் மாணவர் பலரும் தொடக்கத்தில் அமைப்பது, தொட்டுத் தெரிந்தெடுக்கும் பட்டியலேயாகும். எளிதெனத் தோன்றும் இவ்வேலையிற் பெரும்பிழையொன்று மறைந்து கிடக்கின்றது.

கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி என, மட்டக்களப்பிலிருந்து தெற்கே செல்லும் வீதியின் முறையில் ஊர்களை நிரைப்படுத்துவோம். சுழியத்திலிருந்து எண்ணுவது கணினி வழக்காதலின், ஆரையம்பதியின் இடம் 2 ஆகும். ஒருவர் அதனைத் தெரிந்தெடுக்க, செயலி ‘2’ என்று மட்டும் குறித்துவைத்தது என்க. பின்னர்ப் பட்டியலை அகரவரிசைப்படுத்தின், ஆரையம்பதி தலைப்பில் ஏறிவிடும். 2 என்னும் இடத்திற் காத்தான்குடி நிற்கும். தெரிந்தது ஓரூர், பதிவாவது அயலூர்.

இன்னுமொன்று: ஆண்ட்ராய்டில் 2014இல் அறிமுகமான ரீசைக்கிளர்வியூ, திரையினின்று மறையும் வரியையே வேறொரு பெயருக்கு மீளப் பயன்படுத்தும். சரிக்குறியை அவ்வரியில் மட்டும் இட்டால், தொடாத பெயரிலும் அது தோன்றும். வரவு இடாப்பாயின், வராத மாணவன் வந்தவனாவான், வந்தவன் வராதவனாவான்.

இதற்குப் பரிகாரம் யாது? ஒவ்வோர் ஊருக்கும் மாறாத அடையாள இலக்கமொன்று கொடுக்க. தெரிவான இலக்கங்களைத் தனியே சேமிக்க. வரியை நிரப்புந்தோறும் அச்சேமிப்பை நோக்கிக் குறியை இடுக, அன்றேல் நீக்குக. பாடசாலையிற் சேர்விலக்கம் செய்யும் பணியும் இதுவே. மாணவன் எந்த வாங்கில் மாறியமரினும் அவன் இலக்கம் மாறுவதில்லையன்றோ?