சேதுக் காசு சொல்லும் சேதி

சோழருக்குப் புலி, பாண்டியருக்கு மீன், சேரருக்கு வில். அரசுகளின் சின்னங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருந்தன. யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளோ தங்கள் காசில் ஒரு வழியின் பெயரையும் பொறித்தார்கள். அதனால்தான் அதற்குச் ‘சேதுக் காசு’ என்று பெயர்.

அந்தச் செப்புக் காசின் ஒரு பக்கத்தில் நிற்கும் மனித உருவம் இருக்கிறது. மறுபக்கத்தில் இடபம் படுத்திருக்கிறது. அதன் மேலே பிறை, கீழே ‘சேது’ என்ற தமிழ்ச் சொல். இடபம் சிவனின் வாகனம். மன்னர்களின் சமயத்தை அது காட்டுகிறது. பிறையைக் கண்டால் எங்களுக்குப் பள்ளிவாசல் ஞாபகம் வரும். சைவ மன்னரின் காசில் அது சிவன் சூடிய பிறையை நினைவூட்டுகிறது.

‘சேது’ என்றால் அணை, பாலம். மன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையே கடலில் கிடக்கும் மணல் திட்டுகளுக்கு அந்தப் பெயர். ஆதாம் பாலம் என்பதும் அதுவே. இராமேஸ்வரம் செல்லும் யாத்திரிகர்களின் வழி அது. யாழ்ப்பாண மன்னர்கள் தங்களைச் ‘சேதுகாவலர்’ என்று அழைத்துக்கொண்டார்கள். காவலன் என்றால் பெருமை மட்டுமல்ல, கடமையும் உண்டு. வழியைக் காப்பவன் வழிப்போக்கரையும் காக்க வேண்டும்.

அந்தக் கடமைக்கு ஒரு சாட்சி இருக்கிறது. 1344இல் மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா புத்தளத்தில் ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்தார். பாவா ஆதம் மலையைத் தரிசிப்பதே தன் விருப்பம் என்றார். மன்னர் பல்லக்குக் கொடுத்தார். நான்கு யோகிகளையும் மூன்று பிராமணர்களையும் பத்துப் பரிவாரத்தாரையும் உணவு சுமக்கப் பதினைந்து பேரையும் துணைக்கு அனுப்பினார். சைவ மன்னர் ஒருவர் முஸ்லிம் பயணியை வழியனுப்பிய விதம் இது.

புத்தளம் என்ற பெயர் எங்கள் வீட்டில் வேறொரு நினைவையும் எழுப்பும். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, என் உம்மம்மாவும் யாழ்ப்பாணத்தை விட்டு அங்குதான் போய்ச் சேர்ந்தார். அன்று எங்கள் வழிக்குக் காவலர் இருக்கவில்லை.

2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியது. கடல்வழி மீண்டும் திறந்திருக்கும் இந்தக் காலத்தில், இடபத்தையும் பிறையையும் பார்ப்பவர்கள் கீழே உள்ள அந்தச் சொல்லையும் வாசிக்க வேண்டும். யார் நடந்தாலும் பாலம் பாலம்தான். அதைக் காப்பவருக்கும் ஆள் பார்க்கும் உரிமை இல்லை.