சாலை அடைத்தது, ஆப்பிள் அழுகியது!
காஷ்மீர்த் தோட்டக்காரர்கள் பட்ட பாடு

காஷ்மீர் ஆப்பிள் மலையை விட்டு இறங்கி டெல்லி போய்ச் சேர்ந்தால்தான் பணம். வழியில் நின்றுவிட்டால் வெறும் குப்பை!

2025-ம் வருஷம் காஷ்மீரில் லட்சக்கணக்கான குடும்பங்கள் இதைக் கண்ணால் கண்டன.

இந்தியாவில் விளையும் ஆப்பிளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு காஷ்மீரில் விளைகிறது. வருஷத்துக்குச் சுமார் 20 லட்சம் டன். சோப்பூர், ஷோபியான், புல்வாமா பக்கம் போனால் எங்கு பார்த்தாலும் ஆப்பிள் தோட்டம்தான். பெண்ணின் கல்யாணம், பையனின் காலேஜ் படிப்பு, வீட்டுக் கூரைக்குத் தகரம் எல்லாம் அந்த மரங்களிலிருந்துதான் வரவேண்டும்.

சென்னைக் கோயம்பேட்டில் நாம் பேரம் பேசி வாங்கும் காஷ்மீர் ஆப்பிளும் அங்கிருந்து கிளம்பியதுதான்.

பூவிலிருந்து பெட்டி வரை

ஆப்பிள் மரம் குளிர்காலம் முழுவதும் தூங்கும். ஓர் இலைகூட இராது. இந்தத் தூக்கம் அதற்கு அவசியம். போதிய குளிர் படாவிட்டால் வசந்தத்தில் சரியாகப் பூக்காது.

குளிர் குறையும்போது கிளைகளைக் கவாத்து செய்வார்கள். ஏப்ரலில் பூக்கும். அந்தச் சமயத்தில் மழை விடாமல் பெய்தால் தேனீ வராது. தேனீ வராவிட்டால் காய் பிடிக்காது.

பிறகு மருந்துச் செலவு ஆரம்பம். ‘ஸ்காப்’ என்று ஒரு பூஞ்சை நோய் உண்டு. பழத்தின் தோலில் கறுப்புத் தழும்பு விழும். 1973-ல் இந்த நோய் காஷ்மீரில் கடுமையாகப் பரவித் தோட்டங்களைப் பாழாக்கியது. அதிலிருந்து, மருந்து தெளிக்காமல் ஆப்பிள் இல்லை என்றாகிவிட்டது. தழும்பு விழுந்த பழத்தின் ருசி போகாது. விலைதான் போய்விடும்!

மருந்து, உரம், பறிக்கிற கூலி, பெட்டி, லாரி வாடகை... இத்தனைக்கும் பணம் வேண்டுமே? பலர் டெல்லி ஆசாத்பூர் மார்க்கெட்டில் இருக்கும் மண்டிக்காரரிடம் முன்பணம் வாங்குகிறார்கள். விளைந்த பழத்தை அவரிடமே அனுப்பவேண்டும். விற்ற பணத்தில் கடனையும் கமிஷனையும் பிடித்துக்கொண்டு மீதியை அவர் கொடுப்பார். அந்த மீதிதான் குடும்பத்தின் வருஷச் சம்பாத்தியம்.

லாரிகள் நின்றன

2025 ஏப்ரலில் ஷோபியான் பக்கத்தில் ஆலங்கட்டி மழை கொட்டியது. பூவும் பிஞ்சும் உதிர்ந்தன. தப்பித்த மரங்களை நம்பி மற்றவர்கள் பாடுபட்டார்கள். ஆகஸ்டு வந்தது. அறுவடை ஆரம்பித்தது.

அந்த மாதக் கடைசியில் பேய் மழை! ஸ்ரீநகரிலிருந்து ஜம்முவுக்கு வரும் மலைச்சாலை பல இடங்களில் சரிந்தது. உதம்பூர் அருகே சாலையின் ஒரு துண்டே காணாமல் போயிற்று. காஷ்மீரிலிருந்து கனமான லாரிகள் இறங்கி வர அந்த ஒரு சாலைதான் பிரதான வழி. ஷோபியானிலிருந்து பூஞ்ச் பக்கம் போகும் மொகல் சாலை ஒன்று இருக்கிறது. ஆனால் அதில் சிறிய லாரிகளைத்தான் விடுகிறார்கள்.

ஆயிரக்கணக்கான லாரிகள் வழியில் நின்றன. காசிகுண்டில் ஆரம்பித்த வரிசை நீண்டுகொண்டே போயிற்று. முதலில் வீணானது பேரிக்காய். அது ஆப்பிளைப்போல் தாங்காது. பிறகு ஆப்பிளும் அழுகத் தொடங்கியது.

ஒரு பெட்டியில் ஒரு பழம் கெட்டால் போதும். பழுக்கும் பழத்திலிருந்து ஒருவித வாயு வெளிவரும். அது பக்கத்துப் பழத்தையும் சீக்கிரம் பழுக்க வைத்துவிடும். தார்ப்பாய்க்கு அடியில் காற்றோட்டம் இல்லாமல் நாள்கணக்கில் இருந்தால் கேட்கவேண்டுமா? அழுகிய பழத்தைச் சாலையோரம் கொட்டினார்கள்.

தோட்டத்திலும் நிம்மதி இல்லை. பறித்தால் அனுப்ப வழி இல்லை. பறிக்காமல் விட்டால் பழம் தானே உதிர்ந்துவிடும். உதிர்ந்த பழத்துக்கு ஏது விலை?

செப்டம்பர் மத்தியில் காஷ்மீர் முழுவதும் பழ மண்டிகளை இரண்டு நாள் மூடி வியாபாரிகளும் விவசாயிகளும் கண்டனம் தெரிவித்தார்கள். சாலையை மத்திய சர்க்காரால் சரியாக வைத்துக்கொள்ள முடியாவிட்டால் எங்களிடம் ஒப்படைத்துவிடுங்கள் என்று முதல்-மந்திரி உமர் அப்துல்லா சொன்னார். கோபத்தில் நியாயம் இருந்தது. மழையை யாரும் தடுக்க முடியாது. ஆனால் அறுவடை நேரத்தில் அந்தச் சாலை அடைபடுவது புதிய விஷயம் அல்லவே!

ரெயில் வந்தது

அந்தக் கஷ்ட காலத்தில் ஒரு நல்ல காரியமும் நடந்தது.

உதம்பூரிலிருந்து ஸ்ரீநகர் வழியாகப் பாரமுல்லாவுக்குச் செல்லும் 272 கிலோமீட்டர் ரெயில் பாதை 2025 ஜூன் மாதம் முழுமையாகத் திறக்கப்பட்டது. செனாப் ஆற்றுக்கு மேல் 359 மீட்டர் உயரத்தில் பாலம் கட்டி, மலைகளைக் குடைந்து போட்ட பாதை அது. செப்டம்பரில், ஸ்ரீநகரை அடுத்த பட்காமிலிருந்து டெல்லி ஆதர்ஷ் நகருக்கு பார்சல் ரெயிலில் ஆப்பிள் புறப்பட்டது.

விவசாயிகள் சந்தோஷப்பட்டார்கள். ஆனால் ஒரு கணக்குப் பாருங்கள். ஒரு பார்சல் பெட்டியில் 23 டன் போல ஏற்றலாம். இரண்டு மூன்று லாரிச் சரக்குக்கு மேல் இராது. மொத்த விளைச்சலோ 20 லட்சம் டன். தினம் சில பெட்டிகள் போதுமா? சீசனில் நிறைய வண்டிகள் ஓடினால்தான் சாலையின் பிடி தளரும்.

அறையில் தூங்கும் பழம்

பழத்தை உடனே விற்காமல் வைத்திருக்கவும் வழி உண்டு. புல்வாமாவை அடுத்த லாசிபோராவில் பெரிய குளிர்பதனக் கிடங்குகள் இருக்கின்றன. அங்கே குளிர் மட்டும் அல்ல. அறைக்குள் பிராண வாயுவையும் வெகுவாகக் குறைத்துவிடுகிறார்கள். ஆப்பிள் ஏறக்குறையத் தூங்கிப்போகிறது! அக்டோபரில் பறித்த பழத்தை அடுத்த வசந்தத்திலும் புதிதுபோல் எடுத்து விற்கலாம்.

விளைச்சலில் பெரும்பகுதிக்கு அந்த அறைகளில் இடம் இல்லை. வாடகையும் கொடுக்கவேண்டும். கடன் வாங்கிய சிறு விவசாயிக்குப் பணம் உடனே தேவை. அவர் பழத்தை எப்படித் தூங்க வைப்பார்?

இப்போது வேறொரு கவலையும் சேர்ந்திருக்கிறது. 2025 டிசம்பரில் நியூசிலாந்துடன் வர்த்தக உடன்பாடு பேசி முடிக்கப்பட்டது. அந்த நாட்டு ஆப்பிளுக்கு வரி 50 சதவிகிதம். உடன்பாட்டின்படி, குறிப்பிட்ட அளவு பழத்துக்கு மட்டும் இது 25 சதவிகிதமாகக் குறையும். ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரைதான் இந்தச் சலுகை. அடிமாட்டு விலைக்கு வராமல் தடுக்கக் குறைந்தபட்ச விலையும் உண்டு. நம் நாட்டில் அறுவடை இல்லாத மாதங்கள்தானே என்பது சர்க்கார் தரப்பு வாதம். “கிடங்கில் வைத்த பழத்தை நாங்கள் விற்பதே அந்த மாதங்களில்தான்” என்கிறார்கள் தோட்டக்காரர்கள். அலட்சியம் செய்யக்கூடிய பதில் அல்ல இது.

குட்டை மரங்கள்

வசதியுள்ளவர்கள் பழைய பெரிய மரங்களை எடுத்துவிட்டு, குட்டை ஒட்டு மரங்களை நெருக்கமாக நடுகிறார்கள். கம்பி கட்டி, கொடிபோல் நிறுத்துகிறார்கள். பழைய முறையில் ஒரு ஹெக்டேரில் 300 மரங்கூட நிற்காது. இதில் இரண்டாயிரத்துக்கு மேல் நிற்கும். மூன்றாம் வருஷமே பலன் பார்க்கலாம். பழைய மரத்துக்கு ஏழெட்டு வருஷம் காத்திருக்கவேண்டும்.

இவற்றில் ‘காலா’ போன்ற ரகங்கள் முன்னதாகவே பழுத்துவிடும். மண்டியில் கூட்டம் சேருவதற்குள் விற்றுவிடலாம். செலவில் பாதியைச் சர்க்கார் மானியமாகக் கொடுக்கிறது. மற்றப் பாதி விவசாயியின் கையிலிருந்து வரவேண்டும். பழைய மரத்தை வெட்டியபின் புதிய மரம் காய்க்கும்வரை வீட்டில் அடுப்பும் எரியவேண்டும்!

ஆப்பிளுக்குப் பயிர் இன்ஷூரன்ஸ் வேண்டும் என்று பல வருஷங்களாகக் கேட்டு வருகிறார்கள். பெரிய தோட்டக்காரர் ஒரு மோசமான சீசனைத் தாங்கிக்கொள்வார். நாலைந்து கனால் நிலம் வைத்திருப்பவர் (எட்டு கனால் சேர்ந்தால்தான் ஓர் ஏக்கர்) தாங்கமாட்டார். கவாத்து முடிந்து முதல் மருந்து தெளிக்கும் நேரம் வந்தால், பழைய பாக்கி தீரும் முன்பே அவர் மறுபடியும் மண்டிக்காரருக்கு டெலிபோன் செய்யவேண்டியிருக்கிறது.