தோல் தைத்த கைகளும் ரப்பர் அச்சும்

காலனியில் கைப்பம்பு நின்றுபோனால் என்ன ஆகும் என்று நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அடுத்த தண்ணீர் ஊருக்குள் இருக்கும். குடத்தோடு அங்கே போய் நின்றால் என்ன பேச்சு வரும் என்பதை நம் அம்மாக்கள் நன்றாக அறிவார்கள். அந்தப் பம்பு நின்றுபோனதற்குக் காரணம் பல நேரம் உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு பொருள்தான். சிலிண்டருக்குள் தண்ணீரை மேலே தூக்கும் கிண்ண வடிவ வாஷர் அது. ஒரு காலத்தில் அது தோலால் ஆனது. இன்று ரப்பரால் ஆனது. இந்த மாற்றத்துக்கான சோதனை நடந்தது நம் கோவை மாவட்டத்தில் என்பது பலருக்கும் தெரியாது.

1970களில் யுனிசெஃப் உதவியோடு உருவானது 'இந்தியா மார்க் 2' கைப்பம்பு. சென்னையின் ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் நிறுவனத்துக்கு அதை உருவாக்கியதில் பெரிய பங்கு உண்டு. பம்பு உறுதியானதுதான், ஆனால் பழுது பார்ப்பது பெரும்பாடு. தேய்ந்த ஒரு வாஷரை மாற்ற வேண்டுமானால் ஆழத்தில் இருக்கும் சிலிண்டரோடு சேர்த்து மொத்தக் குழாயையும் மேலே இழுக்க வேண்டும். அதற்கு ஒன்றியத்திலிருந்து வண்டியும் ஆட்களும் வர வேண்டும். எந்தத் தெருவுக்கு வண்டி முதலில் வரும், எந்தத் தெரு காத்திருக்கும் என்பதையும் சொல்லத் தேவையில்லை.

1983-ல் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் உலக வங்கியும் சேர்ந்து கோவை மாவட்டத்துக் கிராமங்களில் கைப்பம்புகளை வைத்துப் பல ஆண்டுகள் கள ஆய்வு நடத்தின. அதில் தோல் வாஷருக்குப் பதிலாக நைட்ரில் என்ற செயற்கை ரப்பர் வாஷர் போட்டுப் பார்த்தார்கள். அது தோலைவிடக் கூடுதல் நாள் உழைத்தது. அந்த ஆய்விலிருந்து வந்ததுதான் 'மார்க் 3'. அதன் குழாய் 65 மில்லிமீட்டர் அகலம். அதனால் குழாயைக் கழற்றாமலே பிஸ்டனை மட்டும் மேலே உருவி, வாஷரை மாற்றிவிடலாம். வண்டிக்குக் காத்திருக்காமல், சில கருவிகளோடு உள்ளூர் ஆளே செய்யக்கூடிய வேலையாக அது மாறியது. தண்ணீரைப் பொறுத்தவரை இது நமக்கு நல்ல செய்தி. ஆனால் தோல் போய் ரப்பர் வந்த கதைக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது.

கொங்கு நாட்டில் மின்சாரம் வருவதற்கு முன் வயலுக்குத் தண்ணீர் போனது கவலை இறைத்துத்தான். மாடுகள் சரிவில் இறங்க இறங்க, வடக்கயிற்றில் சால் மேலே வரும். சாலின் அடியில் குழாய்போல் தொங்கும் தோல் வால் வழியாகத் தண்ணீர் வாய்க்காலில் கொட்டும். அந்தத் தோலைப் பதப்படுத்தியதும், தைத்ததும், கிழிந்தபோது ஒட்டுப்போட்டதும் அருந்ததியர் கைகள். அந்தக் கை நின்றால் கிணறு நிற்கும், கிணறு நின்றால் வெள்ளாமை நிற்கும். அதற்குக் கிடைத்த கூலியோ களத்து மேட்டில் அளந்து போடும் தானியம். கூடவே செத்த மாட்டைத் தூக்கும் கடமையும், தலைமுறை தலைமுறையாகப் பண்ணையாள் கட்டும். சுவீடன் வரலாற்றாசிரியர் குன்னெல் செடர்லோஃப் 1997-ல் வெளியிட்ட நூலில் கோவைப் பகுதியின் இந்த உறவை விரிவாக எழுதியிருக்கிறார்.

1930களில் பைக்காரா மின்சாரம் வந்தது. பிறகு மோட்டாரும் பம்பும் வந்தன. கவலை மெல்ல மெல்ல ஓய்ந்தது. தோல் வேலை போனதை நாம் இழப்பு என்று புலம்பப் போவதில்லை. அந்த வேலையோடு ஒட்டிக்கொண்டிருந்த இழிவு போகட்டும் என்றுதான் நம் முன்னோர் விரும்பினார்கள். நம் கேள்வி வேறு. தண்ணீரைக் கசியாமல் தடுத்து மேலே ஏற்றும் அறிவு நம் கையில் இருந்தது. அதே வேலையை ரப்பர் எடுத்துக்கொண்டபோது, அந்தத் தொழிலுக்குள் நாம் எந்த வாசல் வழியாகப் போனோம்?

இன்று கோவைப் பம்பு எதைப் பிரித்தாலும் உள்ளே ரப்பர் இருக்கும். ஓ-ரிங், கேபிள் கிளாண்ட், டயாஃப்ரம், மணல் தடுப்பு வளையம், ஃபுட் வால்வு வாஷர், கப்ளிங்குக்கு நடுவே நட்சத்திர வடிவில் உட்காரும் 'ஸ்பைடர்' என்று பட்டியல் நீளும். இவற்றைப் பம்பு கம்பெனிகள் எல்லாவற்றையும் தாங்களே செய்வதில்லை. மேட்டுப்பாளையம் சாலையில் துடியலூரைச் சுற்றியும், கோவையின் மற்றப் பகுதிகளிலும் இருக்கும் சிறு பட்டறைகளில் வரைபடம் கொடுத்தோ, தேய்ந்துபோன பழைய துண்டைக் கொடுத்தோ வார்த்து வாங்குகிறார்கள்.

வேலை நடக்கும் விதத்தை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மரத்துப் பாலில் இருந்து வரும் இயற்கை ரப்பர் எண்ணெய் பட்டால் உப்பி நாசமாகும். செயற்கை ரப்பர்கள் பெட்ரோலியப் பொருள்களிலிருந்து வருபவை, ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். நைட்ரில் எண்ணெயைத் தாங்கும், ஆனால் வெயிலிலும் ஓசோனிலும் வெடிக்கும். இ.பி.டி.எம். வெயிலையும் வெந்நீரையும் தாங்கும், எண்ணெயில் உப்பும். நியோபிரீன் இரண்டுக்கும் நடுவே நிற்கும். நம்பிக்கை இல்லாவிட்டால் ஒரு இ.பி.டி.எம். வாஷரை டீசலில் இரண்டு நாள் ஊறவைத்துப் பாருங்கள்.

எந்த ரப்பரானாலும் அப்படியே பயன்படாது. கரிப்பொடி, ஜிங்க் ஆக்சைடு, ஸ்டியரிக் அமிலம், கந்தகம் எல்லாம் அளவாகச் சேர்த்து இரட்டை உருளை மில்லில் பிசைவார்கள். 100 பங்கு ரப்பருக்கு மற்றவை எத்தனை பங்கு என்பதுதான் கணக்கு. பிசைந்த காம்பவுண்டை எடை பார்த்து வெட்டி, சூடான இரும்பு மோல்டில் வைத்து, ஹைட்ராலிக் பிரஸ்ஸில் 150 முதல் 170 டிகிரி செல்சியஸில் சில நிமிடம் அழுத்தினால் ரப்பர் வேகும். 1839-ல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்த கந்தக வேக்காடு இதுதான். வெந்த துண்டு ஆறியதும் சற்றுச் சுருங்கும். அந்தச் சுருக்கத்தையும் கணக்கிட்டுத்தான் மோல்டைப் பெரிதாகக் கடைய வேண்டும். கடைசியில் ஓரப் பிசிறை அறுத்து, கடினத்தை 'ஷோர்' அளவையில் சோதித்து அனுப்புவார்கள்.

செயற்கை ரப்பரின் வரலாற்றில் ஒரு பக்கத்தை இந்தப் பத்தியில் சொல்லாமல் விடக் கூடாது. நைட்ரில் ரப்பரை 1930களில் உருவாக்கியது ஜெர்மனியின் ஐ.ஜி. ஃபார்பென் நிறுவனம். 'பூனா' என்ற பெயரில் வந்த ரப்பர்களில் அதுவும் ஒன்று. போர்க்காலத்தில் அதே நிறுவனம் ஆஷ்விட்சில் கைதிகளை வைத்து பூனா ஆலை கட்டியது. பிறப்பால் இழிந்தவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட யூதர்கள் ஆயிரக்கணக்கில் அந்தக் கட்டுமானத்தில் செத்தார்கள். அந்த ஆலையிலிருந்து ஒரு கிலோ செயற்கை ரப்பர்கூட வெளிவரவில்லை. இத்தாலிய எழுத்தாளர் பிரிமோ லெவி ஒரு வேதியியலாளர். அவர் உயிர் பிழைத்ததற்கு ஒரு காரணம், அந்த ஆலையின் ஆய்வுக்கூடத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. அங்கும் படிப்பு ஒருவரைக் காப்பாற்றியது.

மறுபடி துடியலூருக்கு வருவோம். ஒரு ரப்பர் பட்டறையில் மூன்று அடுக்கு உண்டு. பிரஸ் முன்னால் நின்று மோல்டைத் தூக்கி வைத்து எடுப்பவர், பிசிறு அறுப்பவர் ஒரு அடுக்கு. மோல்டு கடைபவர் இன்னொரு அடுக்கு. காம்பவுண்டின் அளவுக் கணக்கை வைத்திருப்பவர் மேல் அடுக்கு. அந்தக் கணக்கு முதலாளியின் நோட்டில் இருக்கும், பிறர் கண்ணில் படாது. நம் பிள்ளைகள் பெரும்பாலும் முதல் அடுக்கிலேயே பத்து, பதினைந்து ஆண்டு நிற்கிறார்கள். சூடும் புகையும் கரிப்பொடியும் அவர்களுக்கே. ரப்பர் உற்பத்தித் தொழிலில் வேலை செய்வோருக்கு ஏற்படும் பாதிப்பை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதியான புற்றுநோய்க் காரணி என்று வகைப்படுத்தியிருக்கிறது. புகைபோக்கி இருக்கிறதா, மில்லில் அவசர நிறுத்தக் கம்பி வேலை செய்கிறதா என்று கேட்பது உரிமை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. கட்டாயம்.

மேல் அடுக்குக்குப் போவது எப்படி? குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ரப்பர் மற்றும் பிளாஸ்டிக் தொழில்நுட்பத்தில் பி.டெக். இருக்கிறது. நம் பகுதிப் பள்ளிகளில் அதைப் பற்றிச் சொல்வோர் குறைவு. ஐ.டி.ஐ.யில் டர்னர், மெஷினிஸ்ட், டூல் அண்ட் டை மேக்கர் படித்தால் மோல்டு வேலைக்கு நேரடி வழி. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். தனியார் பட்டறையில் இட ஒதுக்கீடு கிடையாது. 18 சதவீதமும், அதற்குள் அருந்ததியருக்கான 3 சதவீதமும் படிப்புக்கும் அரசு வேலைக்கும்தான்.

சொந்தப் பட்டறை என்றால் கதை இன்னும் கடினம். திருப்பூர்ப் பனியன் தொழிலை ஆராய்ந்த சரத் சாரி, விவசாயக் குடும்பத்து ஆட்கள் உறவுமுறைக் கடனாலும் கூட்டாளிகளாலும் முதலாளிகள் ஆன விதத்தை எழுதியிருக்கிறார். அந்த உறவு வலையில் நமக்கு இடமில்லை. கச்சாப் பொருள் கடனுக்குக் கிடைப்பதும், முதல் ஆர்டர் கிடைப்பதும், ஏன், ஷெட் வாடகைக்குக் கிடைப்பதும்கூட "யாரு வீட்டுப் பையன்?" என்ற கேள்வியைத் தாண்டித்தான். இதை வங்கி மேலாளரின் கனிவால் சரிசெய்துவிடலாம் என்று நாம் நம்பவில்லை. சட்டமும் பணமும் வேண்டும்.

பணத்துக்கு ஒரு வழி, தமிழக அரசு 2023-ல் கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம். திட்ட மதிப்பில் 35 சதவீதம், அதிகபட்சம் 1.5 கோடி ரூபாய் மானியம். வங்கிக் கடனுக்கு 6 சதவீத வட்டி மானியம் தனி. மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பிக்கலாம். ஆர்டருக்கு ஒரு வழி, மத்திய அரசின் கொள்முதல் விதி. அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் கொள்முதலில் 4 சதவீதத்தைப் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோரிடம் வாங்க வேண்டும் என்று 2012-ல் வந்த ஆணை சொல்கிறது. உண்மையில் வாங்குவது அதற்கு வெகு கீழே. 'எங்களுக்கு அந்தப் பொருள் தரும் ஆள் இல்லை' என்பதே வழக்கமான பதில். ரயில்வே வாங்கும் ரப்பர் பாகங்கள் கொஞ்சநஞ்சமல்ல. அந்தப் பதிலைப் பொய்யாக்க நம் தரப்பில் பட்டறைகள் வேண்டும்.

விண்ணப்பிக்கப் போகிறவர்கள் சாதிச் சான்று, திட்ட அறிக்கை, பிரஸ்ஸுக்கும் மில்லுக்கும் விலைப்பட்டியல், ஷெட் ஒப்பந்தம் ஆகியவற்றை முன்கூட்டியே தயார் செய்துகொள்ளுங்கள். ஏற்கெனவே சிறு பட்டறை வைத்திருப்பவர்கள் உத்யம் பதிவை ஒருமுறை திறந்து பாருங்கள். புரோக்கர் மூலம் பதிந்தவர்களில் சிலருக்குச் சமூகப் பிரிவு 'பொது' என்றே விழுந்திருக்கும். அப்படி இருந்தால் அந்த 4 சதவீதக் கணக்கில் உங்கள் பட்டறை சேராது. இணையதளத்தில் நீங்களே திருத்தலாம். பதிவுக்கோ திருத்தத்துக்கோ கட்டணம் இல்லை.