பட்டியலில் இல்லாத புத்தகம்

வீட்டுச் சாமான் வாங்கப் போனவர் தள்ளுபடிக் கூடையிலிருந்து நான்கு புத்தகங்களையும் இரண்டு இசைத்தட்டுகளையும் அள்ளிக்கொண்டு வந்தால், வீட்டார் அதை வீண்செலவு என்றுதான் சொல்வார்கள். பொருளியலும் பெரும்பாலும் அவர்கள் பக்கமே நிற்கிறது. ஒரு பொருள் தரும் பயன் வேறு, அதை மலிவாக வாங்கிவிட்டோம் என்ற நிறைவு வேறு என்று அமெரிக்கப் பொருளியலாளர் ரிச்சர்ட் தேலர் 1985-இல் எழுதிய கட்டுரை பிரித்துக் காட்டியது. 500 ரூபாயை அடித்துவிட்டு 150 என்று எழுதியிருந்தால் நம் மனம் 350 ரூபாய் லாபத்தைத்தான் எண்ணுகிறது; இதைப் படிப்போமா என்ற கேள்வி எழுவதே இல்லை. சட்டைக்கும் பாத்திரத்துக்கும் இந்த எச்சரிக்கை முழுக்கப் பொருந்தும். புத்தகத்துக்கும் இசைக்கும் அதை அப்படியே பொருத்துவது தவறு என்பது என் கருத்து. இவை இரண்டிலும் திட்டமிடாத மலிவுக் கொள்முதல்தான் பல நேரங்களில் ரசனையை விரிக்கிறது.

சேலையை விரித்துப் பார்க்கலாம், தொட்டுப் பார்க்கலாம், தோளில் போட்டும் பார்க்கலாம். நாவலின் தரமோ அதைப் படித்து முடித்த பிறகுதான் தெரியும். அதனால் முழு விலை கொடுப்பவர் இயல்பாகவே ஏற்கெனவே அறிந்த பெயரைத் தேடுகிறார். விலை இறங்கினால் ஏமாறுவதன் இழப்பும் இறங்குகிறது. அறியாத பெயரை எடுத்துப் பார்க்கத் துணிவு வருகிறது. 1935-இல் பிரிட்டிஷ் பதிப்பாளர் ஆலன் லேன் பெங்குவின் நூல்களை ஆறு பென்ஸுக்குக் கொண்டுவந்தபோது, அவருக்குப் பெரிய ஆதரவு வூல்வொர்த் கடைகளிலிருந்து வந்தது. ஆறு பென்ஸுக்கு மேல் எதையும் விற்காத அந்தக் கடைகள் 60,000-க்கும் மேற்பட்ட பிரதிகளை வாங்கின. தையல் நூலும் சாப்பாட்டுத் தட்டும் மிட்டாயும் வாங்க வந்த கூட்டம் அது. புத்தகக் கடைப் படியை அதிகம் மிதிக்காதவர்களும் அதில் இருந்தார்கள். முதல் பத்து நூல்களும் முன்பே வெளிவந்தவற்றின் மறுபதிப்புகள்தான். ஆனால் இரண்டே ஆண்டுகளில் அதே விலையில் பெங்குவினின் பெலிக்கன் வரிசை தொடங்கியது. பெர்னார்ட் ஷாவின் அரசியல் விளக்கமும் லெனார்ட் வூலியின் தொல்லியல் அறிமுகமும் சாதாரண வருமானக்காரரின் கைக்கு வந்தன. யாரும் பட்டியல் போட்டுக்கொண்டு தேடிப்போய் வாங்கியிருக்கக்கூடிய நூல்கள் அல்ல அவை. இசையில் இதே வேலையைச் செய்தது நக்ஸோஸ். கிளவுஸ் ஹைமன் 1987-இல் ஹாங்காங்கில் தொடங்கிய இந்த நிறுவனம், புகழ் குறைந்த கிழக்கு ஐரோப்பிய இசைக்குழுக்களை வைத்துப் பதிவுசெய்து, பெரிய நிறுவனங்களைவிட மிகக் குறைந்த விலைக்குக் குறுந்தட்டுகளை விற்றது. புகழ்பெற்ற இசையமைப்பாளர்களில் தொடங்கிய அதன் பட்டியல், பெரிய நிறுவனங்கள் கவனிக்காத அமெரிக்க இசையமைப்பாளர்களுக்கென்று தனி வரிசை போடும் அளவுக்கு வளர்ந்தது.

வாங்கியவற்றில் பாதி படிக்கப்படாமலே கிடக்கிறதே என்று கேட்கலாம். கிடக்கத்தான் செய்யும். ஆனால் எல்லா மலிவுக் கொள்முதலும் ஒன்றல்ல. பெயரே அறியாத ஒருவரின் சிறுகதைத் தொகுப்பை 60 ரூபாய்க்கு எடுப்பது ஒரு தேடல். ஏற்கெனவே இரண்டு சமையல் புத்தகங்கள் இருக்க, ‘மூன்று எடுத்தால் 500’ என்ற பலகைக்காக மூன்றாவதைச் சேர்ப்பதில் தேடல் எதுவும் இல்லை. தேலர் சொன்ன நிறைவு மட்டுமே இருக்கிறது. 1977 முதல் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியில் எல்லா அரங்கிலும் ஒரே 10 சதவீதக் கழிவு. எந்தப் புத்தகத்தை எடுப்பது என்பதைக் கழிவு முடிவுசெய்வதில்லை. அரங்கு அரங்காக நடக்கும் வாசகரின் கண்தான் முடிவுசெய்கிறது. அங்கே திட்டமில்லாமல் வாங்குவது பெரும்பாலும் நல்ல வகைதான்.

இசை இணையத்தில் ஏறக்குறைய இலவசமாகவே கிடைக்கும்போது தட்டுக்கு எதற்குக் காசு என்பது இன்னும் வலுவான கேள்வி. மாதிரி கேட்டுப் பார்க்க இணையத்தை மிஞ்ச ஒன்றில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இசைச் செயலி பரிந்துரைப்பது பெரும்பாலும் நாம் நேற்றுக் கேட்டதன் சாயலில் இருப்பதைத்தான். தள்ளுபடிக் கூடையில் நாகஸ்வரத்துக்குப் பக்கத்தில் கியூப நடன இசை கிடக்கும். அந்த அடுக்கை நம் பழக்கம் தீர்மானிக்கவில்லை.

எழுதியவருக்கு என்ன மிஞ்சும் என்ற கேள்விதான் என்னை அதிகம் உறுத்துகிறது. விற்காமல் தேங்கிய பிரதிகளைப் பதிப்பகம் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடும்போது எழுத்தாளருக்கு உரிமத்தொகை சொற்பமாகவே வரும், பல நேரம் வராது. நக்ஸோஸும் கலைஞர்களுக்கு ஒரு தடவைத் தொகை கொடுத்ததோடு சரி. கண்மூடித்தனமான கழிவுப் போட்டி சிறு கடைகளை விழுங்கிவிடும் என்றுதான் பிரான்ஸ் 1981-இல் புதிய புத்தகங்களுக்கு 5 சதவீதத்துக்கு மேல் கழிவு கூடாது என்று சட்டம் போட்டது. அந்தச் சட்டம் நியாயமானது. ஆனால் அது காப்பது புதிய புத்தகத்தின் விலையை. பழைய புத்தகக் கடையையும், தொடக்கத்திலேயே மலிவாக அச்சிட்ட பதிப்பையும் அது தடுக்கவில்லை. அறியாத எழுத்தாளரை வாசகர் முதன்முதலில் சந்திக்க அந்த இரண்டு இடங்களே போதும். அங்கே பிடித்துப்போன ஒருவரின் அடுத்த நூல் வெளிவரும்போது, அதே வாசகர் கழிவை எதிர்பாராமல் முழு விலை கொடுக்கத் தயாராக நிற்பார்.