அச்சில் இல்லாத நூல்களுக்கு யார் பொறுப்பு?

பெங்களூரு: "அச்சில் இல்லை" என்று பதிப்பகம் கைவிரிக்கும் இடத்தில்தான், பழைய நூல்களைத் தேடித் தருவோரின் பணி தொடங்குகிறது. தமிழர் பலர் வாழும் அல்சூரை அடுத்த ஜோகுபாளையத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள பிரிகேட் சாலைப் பகுதி, இத்தொழிலுக்குப் பெயர் பெற்றது. கே.பி.கே. ராவ் 1945-இல் நிறுவிய 'செலக்ட்' புத்தகக் கடையை, பின்னர் வானூர்திப் பொறியாளரான அவருடைய மகன் கே.கே.எஸ். மூர்த்தி ஏற்று நடத்தினார்.

நூலின் பெயர் மட்டும் இத்தேடலுக்குப் போதாது. ஆசிரியர், பதிப்பகம், பதிப்பு ஆண்டு ஆகியவையும் தெரிய வேண்டும். பழைய காகித வணிகர் எடைக்கு எடுக்கும் கட்டுகளிலும், மறைந்தவர்களின் வீட்டு அலமாரிகளிலும்தான் அரிய படிகள் பெரும்பாலும் வெளிப்படுகின்றன. ஒரு வாரம் தாமதித்தால் அவை காகிதக் கூழாகிவிடக்கூடும்.

தமிழில் இப்பணிக்கு மிகப் பெரிய சான்று, செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா. பெயர்ப்பலகை ஓவியரான அவர், 1992-இல் மறையும் வரை நூல்கள், இதழ்கள், துண்டறிக்கைகள் என ஏறத்தாழ ஒரு லட்சம் அச்சுப் பொருள்களைச் சேர்த்திருந்தார். அத்தொகுப்பை 1994-இல் விலைக்கு வாங்கியது அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம். அது சென்னையிலேயே ஆய்வு நூலகமாக நிலைபெற்றது ஆறுதலே. எனினும் தமிழர் அச்சு வரலாற்றைக் காக்கத் தனி மனிதரும் அயல்நாட்டுப் பல்கலைக்கழகமும் முன்வர வேண்டியிருந்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

சட்டம் இல்லாமல் இல்லை. வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியையும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மூன்று பொது நூலகங்களுக்கும் 30 நாள்களுக்குள் அனுப்ப வேண்டும் என்கிறது 1954-ஆம் ஆண்டுச் சட்டம். மீறினால் நூலின் விலையுடன், அதிகபட்சம் 50 ரூபாய் அபராதம் என்று அது விதித்தது. இத்தொகைக்கு எந்தப் பதிப்பாளர் அஞ்சுவார்?

பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் செய்யப்பட்ட திருத்தம், உரிமையாளரைக் கண்டறிய இயலாத நூல்களை வெளியிட உரிமம் கோர வழி வகுத்தது. எழுத்தாளர்களின் படைப்புகளைத் தமிழக அரசு நாட்டுடைமையாக்கியும் வருகிறது. ஆனால், உரிமை கிடைத்தால் மட்டும் மறுபதிப்பு வந்துவிடாது. அச்சுக்குக் கொடுக்க ஒரு படியாவது கையில் இருக்க வேண்டும். அந்தப் படி பல வேளைகளில் நடைபாதைக் கடைக்காரரிடம்தான் கிடைக்கிறது.

அவர்களின் நிலையோ உறுதியற்றது. தலைநகர் தில்லியின் தரியாகஞ்சில் பல பத்தாண்டுகளாக நடந்த ஞாயிறு புத்தகச் சந்தை, போக்குவரத்து நெரிசலைக் காட்டி 2019-இல் நீதிமன்ற உத்தரவால் அப்புறப்படுத்தப்பட்டது. வியாபாரிகள் போராடிய பிறகே, மகிளா ஹாட் வளாகத்தில் மாற்றிடம் கிடைத்தது.

நாட்டுடைமை அறிவிப்போடு அரசின் கடமை முடிந்துவிடுவதில்லை. அறிவிக்கப்பட்ட ஆசிரியரின் எல்லா நூல்களும் கிடைக்கின்றனவா என்று தேடுவதும் அக்கடமையின் பகுதியே. அதுவரை அப்பொறுப்பைப் பழைய புத்தகக் கடைக்காரர்களே சுமந்து வருகின்றனர்.