ஒளிர்வதெல்லாம் புற்றுநோயல்ல!

"வெளுத்ததெல்லாம் பாலாகுமா?" என்பது நம் பழமொழி. மருத்துவ விஞ்ஞானத்துக்கும் அது பொருந்தும் என்பதை விளக்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

சிகிச்சை முடிந்த புற்றுநோய் மீண்டும் தலைகாட்டுகிறதா என்றறியப் பல சமயம் 'பெட் ஸ்கேன்' எடுக்கிறார்கள். கதிரியக்கம் ஊட்டிய ஒருவகைச் சர்க்கரையை நரம்பில் ஏற்றுவார்கள். புற்றணுக்கள் சர்க்கரையை மிகுதியாக விழுங்குபவை என்பதை ஜெர்மானிய அறிஞர் ஓட்டோ வார்பர்க் 1920-களிலேயே கண்டறிந்தார். எனவே அவை உள்ள இடம் படத்தில் ஒளிர்கிறது.

சிக்கல் இங்கேதான். காசநோய்க் கிருமிகளை முற்றுகையிடும் வெள்ளையணுக்களும் அதே பசியோடு சர்க்கரையை உண்கின்றன. அந்த இடமும் ஒளிர்கிறது. படம் பசியைக் காட்டுமேயன்றிப் பசித்தவர் யாரென்று சொல்லாது. தென்காசியில் நின்று பார்க்கும்போது குற்றால மலைமேல் தெரியும் வெண்படலம் மேகமா, காட்டுத்தீயின் புகையா என்று சில வேளை விளங்காதல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

என் பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் குணமாகி நான்காண்டுகளுக்குப் பின், நெஞ்சின் நடுவிலுள்ள நிணநீர்க் கணுக்கள் படத்தில் ஒளிர்ந்தன. அன்று வீட்டில் அடுப்பு எரியவில்லை. "இனி ஊசியும் வேண்டாம், மருந்தும் வேண்டாம்" என்றார் பெரியம்மா. மருத்துவரோ, திசுவை எடுத்துப் பார்க்காமல் முடிவு கட்டலாகாது என்றார். மூச்சுக்குழாய் வழியே ஊசி செலுத்தி எடுத்த திசுவில் இருந்தது காசம்! ஆறு மாதம் மாத்திரை உண்டு குணமடைந்தார்.

உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இந்தியர். ஆகவே இந்த ஐயம் நம் நாட்டில் கட்டாயம் எழ வேண்டும். காசத்தைப் புற்றென்று கொண்டு கீமோதெரபி கொடுத்தால் எதிர்ப்புச் சக்தி குன்றிக் காசம் பெருகும். புற்றைக் காசமென்று ஊகித்து மாத்திரை கொடுத்தாலோ புற்று வளரும். சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருப்பதுண்டு. ஐயத்தைத் தீர்ப்பது திசுப் பரிசோதனையும் கிருமிப் பரிசோதனையுமே.

காசமென்று தெரிந்தால் அஞ்ச வேண்டியதில்லை. 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமாகலாம் என்று 1959-ல் உலகுக்கே எடுத்துக்காட்டியது.

நண்பர்களே! நம்மில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். ஸ்கேன் அறிக்கையை வீட்டார் நம் கையில்தான் கொடுப்பார்கள். அப்போது கண்ணீருக்கு முன் ஒரு கேள்வி எழட்டும்: "திசுவை எடுத்துப் பார்த்தாயிற்றா?"